இன்னும் நான்கு ஆண்கள்

1974ஆம் வருஷம் பிப்ரவரி நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு எங்கள் நிலையத்தின் ஆய்வறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கிழக்கு ஜன்னலை ஒட்டிய மேஜையில், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால், ஈஸ்வரமூர்த்தி சார். அவருக்கு இடப்பக்கம், ஸ்பிரிட் அலமாரியை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் நான், அர்த்தநாரி, குமாஸ்தா. பூச்சி வளர்க்கும் அறைக்கு இறங்கும் படியில் பொன்னாத்தாள், மூக்கில் கட்டிய துணியைக் கழுத்துக்கு இறக்கி விட்டபடி. நாலாவதாக ஒருவரைச் சொல்வதானால் அவர் மேஜை இழுப்பறையில் இருந்தார்: இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே, ஒரு சொட்டுக் கோந்துக்குள் மல்லாந்து கிடந்த ஒரு குளவி. ஆண். நீளம் அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நான் வைக்கிற முற்றுப்புள்ளி அதை ஏறக்குறைய மூடிவிடும்.

அன்றைய தபாலில் இரண்டு கடிதங்கள். சாருக்கு வலது கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்ததால் தபாலை நான்தான் வாசிப்பேன். வந்த வரிசைப்படி வாசிப்பது என் வழக்கம்.

முதல் கடிதம் வேளாண்மைத் துறையிலிருந்து. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையம் மார்ச் 31ஆம் தேதியோடு மூடப்படும். மைக்ராஸ்கோப் உட்பட எல்லாச் சாமான்களையும் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும். ஈஸ்வரமூர்த்தி சாருக்குத் திருவனந்தபுரத்தில் புள்ளிவிவரப் பிரிவுக்கு ஸ்தலமாற்றம். குமாஸ்தா சித்தூர் ஆபீஸில் சேர வேண்டும்.

"எனக்கு?" என்றாள் பொன்னாத்தாள்.

"தினக்கூலி பத்தி ஒண்ணும் எழுதலீங்கக்கா."

"அப்ப எனக்கு ஸ்தலமாத்தம் கெடையாது. எம்பட ஸ்தலத்துலயே இருந்துக்கலாம். பூச்சிச் செதில மூக்குல வாங்கி வாங்கி இருமறதாச்சும் நிக்கும்."

சார் அடுத்த கடிதத்தைக் கை காட்டினார்.

அது பெங்களூரிலிருந்து. குளவிகளைப் பிரித்துச் சொல்வதில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று சார் சொல்லும் நிபுணர் எழுதியது. படங்கள் தெளிவாக இருக்கின்றன, இந்த அமைப்பை இந்த நாட்டில் நான் வேறெதிலும் பார்த்ததில்லை என்று தொடங்கினார். அங்கே சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஒரே ஒரு ஆணை வைத்துக்கொண்டு புது இனம் என்று அறிவிப்பதற்கில்லை. அது பழைய இனத்தின் ஊனப்பட்ட பிறவியாகவும் இருக்கலாம். அதே இடத்தில், அதே செடியில், வெளியில் இட்ட முட்டையிலிருந்து வந்த இன்னும் நான்கு ஆண்கள் வேண்டும். நிலையத்துக்குள் இனம் பெருக்கியவை ஆகாது, வளர்ப்பில் உருவம் மாறும். மார்ச் மாதத்துக்குள் வந்தால் கட்டுரையை நானே சிபாரிசு செய்து பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அதற்குமேல் என்றால் நான் இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருப்பேன்.

"நாலு ஆம்பளயா?" என்றாள் பொன்னாத்தாள். "இங்க இருக்கற ரெண்டு ஆம்பளைய வெச்சே ஒரு வேல நடக்கறதில்ல."

சார் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்னை ஓலையைத் தின்னும் புழுவுக்கு எதிரான குளவிகளை வளர்த்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பது எங்கள் நிலையத்தின் வேலை. அதிலே ஒரு சாதிக் குளவி பிற பூச்சிகளின் முட்டைக்குள்ளே தன் முட்டையை இடும். அந்த முட்டை நாலாம் நாள் கறுத்துப் போகும். புழு வெளிவர வேண்டிய முட்டையிலிருந்து பத்தாம் நாள் குளவி வெளிவரும். இதற்காகவே பொன்னாத்தாள் மரத் தட்டுகளில் கம்பு நொய்யைக் கொட்டி அந்துப்பூச்சி வளர்த்தாள். பூச்சி இட்ட முட்டைகளைச் சலித்தெடுத்து, தபால் கார்டில் பாதியளவு அட்டையில் கோந்து தடவி, அதன்மேல் உப்புத் தூவுவது போலத் தூவுவாள். அட்டையின் மூலையில் சிவப்பு நூல் கோப்பாள். அப்படி ஒரு அட்டையைக் காட்டில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று நாள் கழித்து எடுத்துவந்தால், அந்தப் பக்கத்துக் குளவி எது என்று தெரிந்துவிடும்.

1973 நவம்பரில் மூணாற்றுக்குக் கிழக்கே ஒரு ஏல எஸ்டேட்டில் பன்னிரண்டு அட்டைகள் கட்டினோம். ஏழாம் நம்பர் அட்டையில் மட்டும் ஒன்பது குளவிகள் பிறந்தன. எட்டு பெண், ஒரு ஆண். வழக்கமான சாதி என்று நினைத்து சார் ஒன்பதையும் அன்றைக்கே ஸ்பிரிட்டில் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் ஆணைக் கண்ணாடியில் ஏற்றிப் பார்த்தார். இந்தக் குளவிகளில் பெண்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆணின் வயிற்று நுனியில் உள்ள உறுப்பை வைத்துத்தான் சாதி பிரிக்க முடியும். பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். நான் பார்த்தேன், எனக்கு ஒரு கிடுக்கி மாதிரித் தெரிந்தது. "அந்தக் கிடுக்கிக்கு நடுவால பாரு, கெவுளிநாக்காட்ட ஒண்ணு இருக்குதா? அது எதுலயுமே கெடையாது" என்றார். பல்லியைத்தான் எங்கள் பக்கம் கெவுளி என்போம். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் அவர் வளர்த்த குளவிகள் அத்தனையும் வேறு யாரோ பெயர் வைத்தவை. இது ஒன்றுதான் அவர் கண்ணில் முதலில் பட்டது. ஏலக்காயின் லத்தீன் பெயரை வைத்து இதற்கு ஒரு பெயரும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். டிசம்பரில் பன்னிரண்டு, ஜனவரியில் பன்னிரண்டு என்று அதே ஏலச்செடிகளில் மறுபடி அட்டை கட்டினேன். எறும்பு தின்றது போக மீதியில் ஒரு முட்டைகூடக் கறுக்கவில்லை.

"இன்னொருக்காப் போய்ட்டு வாரயா, அர்த்தநாரி?" என்றார் சார்.

"போறனுங்க."

"கெடைக்காதுன்னு தோணுது."

"எனக்கும் அப்பிடித்தானுங்க தோணுது."

"செரி. போய்ட்டு வா."

ஏழாம் தேதி புறப்பட்டேன். சித்தூரிலிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு. அட்டைகளை ஈரத்துணி சுற்றித் தூக்குப்போசியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் மறையூர் தாண்டும்வரை, நான் அதைத் திறந்து சாப்பிடுவேனா என்று பார்த்துக்கொண்டே வந்தார். மூணாற்றில் ஒரு அறையில் தங்கி, மறுநாள் காலை எஸ்டேட் ஜீப்பில் போய் இறங்கினேன்.

கங்காணி மிக்கேல்ராஜ் ஏலக்காட்டு வாசலில் நின்றிருந்தார். காட்டுக்குள் போகிறவர்களை விடுவதும் வெளியே வருகிறவர்களைச் சோதிப்பதும் அவர் பொறுப்பு. ஏலக்காய் திருட்டுப் போவதால் அங்கே ஒரு சட்டம்: காட்டிலிருந்து எதையும், ஒரு இலையைக்கூட, தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கொண்டுபோகக் கூடாது.

"வாங்க சார். நாலாந் தடவ வாறிய. எங்க எஸ்டேட்டுலயே ஒரு லைன் வீடு எழுதி வாங்கிருங்க" என்றார். "இந்தத் தடவ என்ன? குளவிக்குப் பொண்ணு பாக்கவா?"

"ஆண் பாக்கறதுக்குங்க. நாலு வேணும்."

"மாப்பிள்ள பாக்க வந்தியளா! நாலு மாப்பிள்ளயா! ஏட்டி கத்தரீனா, சார் சம்பந்தம் பேச வந்திருக்காவ, கூட்டிட்டுப் போ."

கத்தரீனாள் அந்த எஸ்டேட்டில் களை வெட்டுகிறவள். நவம்பரிலிருந்து என் அட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பழைய செடிகளிலேயே ஆறு அட்டைகளைக் கட்டினேன். மீதி ஆறை மறுநாள் மேல்சரிவில் கட்டலாம் என்று வைத்துக்கொண்டேன். கட்டும்போதே எறும்பு ஏறியது. கத்தரீனாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணிக்கு வேலை முடிந்ததும், ஜீப் வர நேரமாகும் என்று, லைனில் தன் வீட்டுக்கு வந்து ஒரு கட்டஞ்சாயா குடிக்கச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால், கூரையின் இறவாணத்தை ஒட்டி ஒரு அவரைப் பந்தல். கொடி பெரும்பாலும் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பந்தல் குச்சியில் ஒரு துண்டுச் சிவப்பு நூல். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பொன்னாத்தாளின் நூல், என் முடிச்சு. அவிழ்க்க முடியாமல் யாரோ பல்லால் கடித்து அறுத்திருந்தார்கள்.

"ஏனுங்க, இந்த நூல் ஏது?"

அவள் லைனின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். "சத்தமாப் பேசாதிய சார்."

"நீங்க கட்டுனதுங்களா?"

"நவம்பர்ல வந்தியள்லா, அன்னைக்குச் சாயங்காலமே மழ புடிச்சிட்டு. ரெண்டு நாளு வேலையே இல்ல. முட்ட நனையப்படாதுன்னு நீங்கதான சொன்னிய. நனைஞ்சா கூமுட்டையாப் போவும்லா, எங்க கோழி முட்டையே போவுது. பன்னெண்டையும் படங்குக்குள்ள மடிச்சுக் கொண்டாந்து இங்ஙன கட்டுனேன். இறவாணத்துக்குக் கீழ நனையாது பாத்துக்கிடுங்க."

"அப்புறம்?"

"மூணாம் நாளு வெள்ளன, நீங்க வார முன்னால, திரும்பக் கொண்டுபோயி ஏலத்துல கட்டிட்டேன். பன்னெண்டும் சரியா இருந்துச்சுல்லா? எண்ணுனியள்லா?"

எண்ணினேன். பன்னிரண்டும் சரியாக இருந்தது என்று நோட்டில் எழுதியும் வைத்தேன்.

"டிசம்பர்லயும் ஜனவரியிலயும் ஏனுங்க கொண்டுவரல?"

"அப்பம் மழ இல்லியே சார்" என்றாள்.

சாயா ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை. இரண்டு முறை மலையேறி இறங்கியது, சார் ஒரு கண்ணால் இருபத்துநாலு அட்டையை முட்டை முட்டையாகப் பார்த்தது எல்லாம் மழை பெய்யாத குற்றம்.

"எம்பேர எங்கயும் எழுதிராதிய சார்" என்றாள். "காட்டுச் சாமான லைனுக்குக் கொண்டாந்தேன்னு தெரிஞ்சா, அது முட்டயா ஏலக்காயான்னு யாரும் கேக்க மாட்டாவ. பேர வெட்டிருவாவ. ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"எழுதமாட்டனுங்க" என்றேன். "பூ இருக்கற கொடி ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?"

"குளிக்கிற எடத்துல தண்ணி விழுதுல்லா, அங்ஙன ஒண்ணு பச்சையாக் கெடக்கு."

கல் மேடைக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் ஒரு கொடி மட்டும் ஊதாப் பூவோடு நின்றது. சின்ன நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று அதன் மொக்குகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். மொக்கின் காம்படியில் அது இட்டு வைத்த முட்டைகள், வெள்ளைப் பொட்டுகளாக. இரண்டு கறுத்திருந்தன. நாங்கள் தேடியது ஏலக்காட்டில் குடியிருந்ததே இல்லை. குளிக்கிற இடத்து அவரையில் நீலப்பூச்சியின் முட்டையைத் தின்றுகொண்டு, நான் மேலே ஏலக்காட்டில் நடந்தபோதெல்லாம் இங்கேயே இருந்திருக்கிறது.

அந்த இரண்டு முட்டைகளையும் கிள்ளியெடுக்கக் கை போயிற்று. எடுக்கவில்லை. கொடியில் இருப்பது கொடியில் இருக்கட்டும், அதிலிருந்து பிறக்கிறது என் அட்டைக்கு வரட்டும் என்று விட்டேன். மறுநாள் சனிக்கிழமை, மீதி ஆறு அட்டைகளை அந்த ஒரு கொடியில் கட்டினேன். கத்தரீனாள் எறும்புக்காகக் கொடியின் தூரைச் சுற்றி அடுப்புச் சாம்பலைக் கொட்டினாள். மிக்கேல்ராஜ் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏலத்துல கெடைக்காத மாப்பிள்ள அவரையில கெடப்பானா சார்?"

"பாக்கலாமுங்க."

"பொம்பளைய குளிக்கிற எடம். சார் லென்ஸு வச்சுப் பாத்துக்கிட்டு நின்னா எனக்குத்தான் பிராது வரும். சீக்கிரம் முடிங்க."

திங்கட்கிழமை அட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒரே ஒரு விஷயம் என்னை அரித்தது. அது கத்தரீனாள் செய்ததல்ல. நான் செய்தது. கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து என் கையெழுத்துக்கு நல்ல பெயர். விரல் நகத்தளவு லேபிளில், ஊசி நிப்பால், இடம், உயரம், தேதி, செடி, எடுத்தவர் என ஐந்து வரி எழுதுவேன். மலையில் குளிரில் விரல் விறைத்துப் போகும் என்று, பயணத்துக்கு முதல் நாளே சித்தூரில் மேஜையில் உட்கார்ந்து பன்னிரண்டு லேபிள்களையும் எழுதி வைத்துவிடுவது என் வழக்கம். ஏழாம் நம்பர் குளவியின் லேபிளில் '14-11-1973, ஏலச்செடியில்' என்று இருக்கிறதே, அதை நான் எழுதியது நவம்பர் பத்தாம் தேதி. அட்டை இன்னும் காட்டைப் பார்க்கவே இல்லை. அந்த லேபிளைத்தான் சார் நம்பினார், பெங்களூர்க்காரர் நம்பினார், நானே நம்பி இரண்டு தடவை மலை ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மழை, படங்கு, அவரை, நூல், கடைசியில் லேபிள். நான் சொல்லி முடித்ததும், பென்சிலால் எழுதி வைத்திருந்த ஏலக்காய்ப் பெயரை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கோடு அடித்தார்.

"தப்பு வந்துங்க..." என்றேன். சரியாகச் சொல்ல வராமல், "என்னுதுங்க" என்றேன்.

"முன்னாடியே எழுதி வெக்கறதா?" என்றார். "உனக்கு அதச் சொல்லிக்குடுத்தது ஆரு? நானே அப்பிடித்தான் எழுதறேன். உத்தியோகத்துல சேந்த நாள்லருந்து."

எனக்குப் பின்னால் ஸ்பிரிட் அலமாரி இருந்தது. அதில் எண்ணூற்றுச் சொச்சம் லேபிள்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஏஞ் சாருங்க, எளவு ஊடாட்ட உக்கோந்திருக்கறீங்க?" என்று படியில் நின்று கேட்டாள் பொன்னாத்தாள். "அந்த அட்டையக் குடுங்க. எம்பட ரூம்புல வெக்கறேன். உங்க மூஞ்சியப் பாத்தா முட்டையே அவிஞ்சு போயிரும்."

புதன்கிழமை அவள் கூப்பிட்டாள். அவரையில் கட்டிய நாலாம் நம்பர் அட்டையில் ஒரு ஓரமாக, மிளகாய் விதையளவு இடத்தில், முட்டைகள் கறுத்திருந்தன. அவள் எண்ணிச் சொன்னாள்: இருபத்தியாறு. நான் எண்ணினேன், இருபத்தியாறு. அவரையில் கட்டிய மற்ற ஐந்தும், ஏலத்தில் கட்டிய ஆறும் வெள்ளை.

பத்தொன்பதாம் தேதி காலை, அட்டையை இட்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஊர்ந்துகொண்டிருந்தவை இருபத்திரண்டு. இருபத்தேழாவது முட்டை எதுவும் மறைந்திருக்காதா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஆணுக்கு உணர்கொம்பில் நீள நீளமாக மயிர் இருக்கும், அதை வைத்து லென்ஸிலேயே பிரித்துவிடலாம். பதினேழு பெண். ஐந்து ஆண்.

"அஞ்சு!" என்றாள் பொன்னாத்தாள். "கேட்டதுக்கு ஒண்ணு மேல. கல்யாணத்துக்குத் தொணை மாப்பிள்ளையும் ஆச்சு."

பெண்களை அவள் தேன் தொட்ட பஞ்சோடு குழாயில் வைத்துக்கொண்டாள். சித்தூர் வெயிலுக்கு மூன்றாம் நாள் எல்லாம் செத்துப் போயின. ஆண்களை சார் கண்ணாடியில் ஏற்றினார். காலை ஏழரை முதல் பத்து மணிவரை மட்டும், ஜன்னல் வெளிச்சத்தில், நாளைக்கு ஒன்று. ஊசி முனையால் அதைக் கோந்துச் சொட்டுக்குள் இறக்கி, மல்லாத்தி, மேலே சில்லை வைத்து அழுத்த வேண்டும். மூன்று சரியாக வந்தன. நாலாவது நாள் சில்லை வைக்கும்போது அவர் கை ஒரு நூல் அதிகமாக இறங்கியது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் கண்ணை எடுக்காமலே, "நசுங்கிருச்சு" என்றார். ஐந்தாவது நாள் அவர் உட்காரவில்லை. அதற்கடுத்த நாளும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து கடைசி ஆணை ஏற்றினார். அது சரியாக இருந்தது. நாலிலும் அந்தக் கெவுளிநாக்கு இருந்தது. அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிட்டு அப்படியே மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். நாங்கள் எழுப்பவில்லை.

கோந்து காயவும் படங்கள் வரையவும் மார்ச் பதினாலு ஆகிவிட்டது. அன்று மத்தியானம் கடிதம் எழுத உட்கார்ந்தோம். மற்ற அறைகளில் ஏற்கெனவே சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள் பொன்னாத்தாள்.

"நாலு ஆண் அனுப்பறோம்னு எழுது" என்றார் சார். "மொத ஆணப் பத்தி ஒண்ணும் வேண்டாம். ஏலச்செடின்னு ஒருக்கா எழுதியாச்சு. அது அப்பிடியே கெடக்கட்டும்."

"சார், அவரு கேட்டது அதே எடத்துல, அதே செடியில இன்னும் நாலு. மொத்தம் அஞ்சு."

"தெரியுது."

"மொத ஆண் ஏலத்துல, மித்த நாலும் அவரையிலன்னா, அது வேற இது வேறன்னு ஆயிருங்க. ஒண்ணும் நாலுமாத்தான் நிக்கும். அஞ்சு ஆகாதுங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளிச்சம் சுவருக்கு ஏறிவிட்டிருந்தது. "திருத்துனா ஏன்னு கேப்பாரு. லேபிள் முன்னாடியே எழுதுனதுன்னு சொல்லோணும். அப்பறம் நம்மளோட எந்த லேபிள அவரு நம்புவாரு? ஒட்டுமொத்தமாத் திருப்பி அனுப்பிட்டார்னா?"

"அனுப்புனாலும் அனுப்புவாருங்க."

"அந்தப் பொம்பள பேரு வருமே."

"வராதுங்க. அட்டைய ஆரு எடத்த மாத்துனாங்கறது அவருக்குத் தேவையில்லீங்க. எங்க இருந்துச்சுங்கறதுதான் தேவை. லேபிள் எழுதுனது நான். எம்பேரு இருந்தாப் போதும்."

"பதினஞ்சு நாளு கழிச்சு நீ புது ஆபீஸுல போய்ச் சேரோணும். இத எவனாச்சும் கிளப்புனா..."

"சேந்துக்கறனுங்க சார். எழுதட்டுங்களா?"

அவர் கடிதத் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "பேரு ஒண்ணு வெக்கோணுமே. ஏலம்தான் போச்சே" என்றார்.

"அவரைன்னே வெச்சுருங்க" என்றாள் பொன்னாத்தாள், சாக்கு வாயைத் தைத்துக்கொண்டே. "எங்கிருந்துச்சோ அந்தப் பேரு."

"லத்தீன்ல அவரைன்னு உண்டுங்களா சார்?" என்றேன்.

"எந்த வார்த்தைக்கும் ஒரு வாலு ஒட்டுனா லத்தீன்தான்" என்றார் சார். காகிதத்தில் அவரை என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, வாலை ஒட்டி, தூரத்தில் பிடித்து இடது கண்ணால் பார்த்தார். "கேக்கறதுக்கு மோசமில்ல."

கடிதம் இங்கிலீஷில். அதன் மூன்றாவது பத்தியைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

'தங்களிடம் முன்பு அனுப்பிய படத்துக்குரிய முதல் ஆணின் லேபிளில் செடியின் பெயர் தவறு. மழை காரணமாக அட்டைகள் கட்டிய அன்றே ஏலச்செடியிலிருந்து தொழிலாளர் லைனை ஒட்டிய அவரைக்கு மாற்றப்பட்டு, மூன்றாம் நாள் காலைவரை அங்கே இருந்தன. லேபிளை நான் அதிலுள்ள தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவே சித்தூரில் எழுதி வைத்திருந்தேன். அதனால் இந்த மாற்றம் அதில் இல்லை. இப்போது அனுப்பும் நான்கு ஆண்களும் அதே லைனில், குளிக்கும் இடத்து அவரையில் கிடைத்தவை. இவற்றின் லேபிள்கள் அட்டையை எடுத்த பிறகு எழுதப்பட்டவை. பிழை என்னுடையது. அர்த்தநாரி, குமாஸ்தா.'

சார் கீழே கையெழுத்துப் போடும்போது, 'என்னுடையது' என்பதை அடித்து 'எங்களுடையது' என்று திருத்தினார். சுத்தமான கடிதத்தில் அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

முதல் ஆணின் பழைய லேபிளை எடுத்துவிடவில்லை. அதன் கீழேயே இன்னொரு லேபிள் ஒட்டினேன்: 'அவரையில். மேலே உள்ளது பிழை. 14-3-1974.' அன்றைய தேதியை அன்றைக்கே எழுதினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்து கண்ணாடிகளையும் பொன்னாத்தாள் தன் பழைய சேலைத் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பஞ்சு அடைத்த மரப்பெட்டியில் வைத்தாள். உறை ஒட்டும் பசை சாக்கு மூட்டைக்குள் போய்விட்டதால், அட்டையில் முட்டை ஒட்டும் கோந்தையே எடுத்து உறையின் வாயில் தடவினேன். நாலைந்து அந்துப்பூச்சி முட்டைகள் அதில் கலந்திருந்தன, துடைத்துவிட்டு ஒட்டினேன். சார் என்னோடு வரவில்லை. மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். "ரசீது வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

சித்தூர் தபாலாபீஸில் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து ரிஜிஸ்டர் செய்தேன். உள்ளே என்ன என்று கேட்டார் கவுண்ட்டரில் இருந்தவர்.

"குளவிங்க."

"கொட்டுமா?"

"செத்ததுங்க. உயிரோட இருந்தாலும் கொட்டாது."

அவர் பெட்டியின் மேல் பட்டும் படாமலும் முத்திரை குத்தி, கடிதத்தை அதோடு கட்டிப் பைக்குள் போட்டார். பதினொன்றரைக்குப் பாலக்காட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையை வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தள்ளினார். பஸ் கிளம்பியது.